பத்துப் பவுண்டுக்குக் கீழே

திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சாலை எங்கோ போய்க்கொண்டிருக்கும். செஞ்சிக்கு ஒன்று, வந்தவாசிக்கு ஒன்று, மரக்காணத்துக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று; எல்லாவற்றுக்கும் முதுகெலும்பாக ஜி.எஸ்.டி. ரோடு. இத்தனை சாலைகள் கூடும் ஊரில் பஞ்சர் கடைக்குக் குறைச்சல் இருக்குமா? கம்ப்ரசர் தலையில் உட்கார்ந்திருக்கும் வட்டமான பிரஷர் கேஜ்களை மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு செஞ்சி ரோட்டில் நடந்தேன். பாதிக்குக் கண்ணாடி இல்லை. சிலவற்றில் கம்ப்ரசர் காலியாக இருக்கும்போதும் முள் இருபதில் நின்றது.

வேலையற்ற வேலைதான். ஆனால் மச்சான் கேட்டிருந்தார். அவருக்கு மயிலம் பக்கம் ஒரு கிராமம். வளைகுடா நாட்டில் பைப் ஃபிட்டராகப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர், வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்துக்கொண்டார். வெல்டிங் செட், டிரில்லிங் மிஷின், வைஸ், சின்னதாக ஒரு கம்ப்ரசர். காசுக்கு வேலை செய்வதில்லை. ஊரார் கொண்டுவருவதைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம். “மாப்ள, வர வழியில கேஜ் ஒண்ணு வாங்கியாங்க. பத்துப் பவுண்டுக்குக் கீழ ஒழுங்கா காட்டணும்” என்று போனில் சொல்லியிருந்தார்.

பவுண்டு என்றால் ஒரு சதுர அங்குலத்தின் மேல் அத்தனை பவுண்டு அழுத்தம். பைக் டயரில் முப்பதுக்குப் பக்கம், லாரி டயரில் நூறைத் தாண்டும். பத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

ஹார்டுவேர் கடைகளில் ஒரே பதில்தான். பத்து கிலோ கேஜ் இருக்கிறது, ஏழு கிலோ கேஜ் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ என்றால் 142 பவுண்டு. ஏழு கிலோ என்றால் நூறு. “பத்து வரைக்கும் காட்டுற கேஜ் கேக்குறீங்க, அதான் இதுலயே பத்து இருக்கே சார்” என்று ஒரு கடைப் பையன் நூறு பவுண்டு கேஜில் பத்து என்ற கோட்டைத் தொட்டுக் காண்பித்தான். இருக்கிறதுதான். அந்தக் கோட்டை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

கேஜின் உள்ளே இருப்பது சப்பையாக்கி வளைத்த ஒரு பித்தளைக் குழாய். ஒரு நுனி மூடியிருக்கும். மறு நுனி வழியாகக் காற்று நுழைந்தால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த மயிரிழை அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றும். பாரிஸில் யூஜேன் பூர்தோன் 1849இல் காப்புரிமை வாங்கிய இந்த ஏற்பாடு நீராவி இஞ்சினுக்காகப் பிறந்தது, இன்றுவரை அசைக்க ஆளில்லை. ஆனால் அதன் துல்லியத்தைச் சொல்வது முழு அளவை வைத்துத்தான். நூற்றுக்கு இரண்டு பிழை என்று எழுதியிருந்தால், 150 பவுண்டு கேஜில் எந்த இடத்திலும் மூன்று பவுண்டு கூடலாம், குறையலாம். நூறைக் காட்டும்போது மூன்று பெரிதல்ல. ஆறைக் காட்டும்போது மூன்று என்றால் பாதி போயிற்று. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் தாலிக் குண்டுமணியை நிறுத்துப் பார்க்கும் வேலை அது. அதனால்தான் தொழிற்சாலைகளில், அன்றாடம் காட்டவேண்டிய அளவு கேஜின் நடுப்பகுதியில் விழும்படி பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு பஞ்சர் கடையில், டிராக்டர் பின் டயருக்கு எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். “அதுக்கு எதுக்கு மீட்டரு? சுத்தியல்ல ஒரு தட்டு தட்டுனா சத்தமே சொல்லிடும் சார்.” லாரிக்குச் சரி. டிராக்டரின் பெரிய டயருக்கு வயலில் பன்னிரண்டிலிருந்து பதினாறு பவுண்டுக்குள்தான் தேவை. பட்டை நன்றாக மண்ணில் பரவவேண்டும். கூடினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு டீசலைக் குடிக்கும், குறைந்தால் கரும்பு டிரெய்லரை இழுத்துத் தார்ச்சாலையில் ஏறும்போது டயரின் பக்கவாட்டுச் சுவர் நசுங்கும். பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுத்தியலும் சொல்லாது, அவர் கையிலிருந்த கேஜும் சொல்லாது. நான் வெறுங்கையோடு கூட்டேரிப்பட்டு பஸ் ஏறினேன்.

மச்சான் ஏமாறவில்லை. எதிர்பார்த்தார் போலிருக்கிறது. “கெடைக்காதுன்னு தெரியும். அதுவரைக்கும் இதான் நம்ம கேஜு” என்று பட்டறைச் சுவரைக் காட்டினார். கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப், பலகையில் ‘ப’ எழுத்தின் வடிவில் வளைத்து ஆணியடித்து மாட்டியிருந்தது. பாதி வரை தண்ணீர், நிறத்துக்குக் கொஞ்சம் நீலச் சொட்டு. நடுவில் மர ஸ்கேல். ஒரு நுனி காற்றுக்குத் திறந்திருக்கும். மறு நுனியைச் சோதிக்கவேண்டிய பொருளில் மாட்டவேண்டியது. ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசமே அழுத்தம். 70 செ.மீ. வித்தியாசம் என்றால் ஒரு பவுண்டு. முள் இல்லை, பல்சக்கரம் இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. தண்ணீரின் எடை மாறாதவரை இந்த அளவும் மாறாது. டாரிசெல்லி 1640களில் பாதரசத்தை வைத்துச் செய்ததும் அடிப்படையில் இதுதான். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம் என்பதால் அவருக்குக் குட்டையான குழாய் போதுமாக இருந்தது.

அந்தப் பலகையின் முன்னால் நின்றபோதுதான் பத்துப் பவுண்டுக்குக் கீழே ஒரு வீடே இயங்குகிறது என்று புரிய ஆரம்பித்தது. சமையலறை கேஸ் சிலிண்டருக்குள் அழுத்தம் பல கிலோ இருக்கும்; ரெகுலேட்டரைத் தாண்டி அடுப்புக்கு வருவது சதுர சென்டிமீட்டருக்கு வெறும் முப்பது கிராம். அதாவது டியூப்பில் 30 செ.மீ. தண்ணீர், அரைப் பவுண்டுக்கும் குறைவு. மச்சான் வீட்டுக் கொல்லையில் பழைய சாண எரிவாயுக் கலம் இருக்கிறது, கதர் கமிஷன் மாதிரியில் இரும்பு டிரம் மிதக்கும் வகை. அந்த டிரம்மின் எடைதான் உள்ளே இருக்கும் வாயுவை அழுத்துகிறது. ஏறக்குறைய 10 செ.மீ. தண்ணீர். கேஸ் அடுப்பை அப்படியே சாண வாயுவில் மாட்டினால் எரியாமல் சிணுங்குவதற்கு இந்த அழுத்த வித்தியாசமும் ஒரு காரணம். ஜெட் ஓட்டையைப் பெரிதாக்கவேண்டும். 1984இல் வந்த தீனபந்து மாதிரியில் மிதக்கும் டிரம் கிடையாது, செங்கல் கூரைதான். அதில் வாயு சேரச்சேர அழுத்தம் ஏறும், செலவாக ஆக இறங்கும். அந்த மாதிரி வைத்திருப்பவர்கள் குழாயில் இப்படி ஒரு டியூப் மாட்டிவைத்தால் இன்று இரவுச் சமையலுக்கு வாயு போதுமா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மச்சானின் பட்டறையில் வைஸ் மேஜைக் கால் வரை தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் இன்னும் இருக்கிறது. அந்த மாதிரிப் புயலின் மையத்தில் காற்றழுத்தம் வழக்கத்தைவிடப் பதினைந்து இருபது மில்லிபார் குறையும். ஒரு மில்லிபார் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். ஆக மாவட்டத்தையே மூழ்கடித்த அந்த வித்தியாசம் டியூப்பில் ஒரு சாண் கூட இல்லை. சின்ன அழுத்தம் என்று அலட்சியமாகச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் கிணற்றடிக்குப் போனோம். இந்தப் பக்கத்து விவசாயம் இப்போது பெரும்பாலும் போர்வெல்லை நம்பித்தான். அதிலும் கம்ப்ரசர் போர் என்பது தனி ரகம். மோட்டாரைக் குழிக்குள் இறக்குவதில்லை. கரையில் கம்ப்ரசர் ஓடும். ஒரு மெல்லிய குழாய் வழியே காற்று அடியில் இறங்கி, தண்ணீரோடு குமிழிகளாகக் கலந்து, அந்தக் கலவை லேசாகிப் பெரிய குழாய் வழியே பீறிட்டு மேலே வரும். சத்தமும் கரண்டும் அதிகம். வரும் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பும். ஆனாலும் குறைந்த தண்ணீர் ஊறும் போர்களில், மணல் வரும் போர்களில், அடியில் பழுதாக எதுவும் இல்லை என்பதால் இதை விடமாட்டேன் என்கிறார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரின் கம்ப்ரசர் போரில் கேஜ் இருந்தது. அவர் அதைப் பார்ப்பதே இல்லை. “பெல்ட்டு வழுக்குதான்னு காதாலயே கேட்டுக்குவேன் ஐயா” என்றார். மச்சான் அவரிடம் காற்றுக்குழாயை எவ்வளவு ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார் என்று கேட்டார். இருநூறு அடி. ஸ்விட்சைப் போட்டதும் முள் நாற்பது வரை ஏறி நின்றது, பிறகு குழாய் தண்ணீர் துப்ப ஆரம்பித்தது.

இந்த நாற்பதுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. காற்று குழாயின் அடி வாய் வழியே வெளியேறவேண்டுமானால், அந்த வாய்க்கு மேலே நிற்கும் தண்ணீரின் எடையை முதலில் ஜெயிக்கவேண்டும். ஒரு பவுண்டு 2.31 அடித் தண்ணீருக்குச் சமம். நாற்பது பவுண்டு என்றால் 92 அடித் தண்ணீர். இருநூறில் 92 போனால் 108. ஆக ஓட்டுவதற்கு முன் அந்தப் போரில் தண்ணீர் மட்டம் 108 அடியில் இருந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடியபின் முள் இருபத்தைந்தில் இருந்தது. குழாயின் உராய்வைக் கணக்கில் எடுக்காமல் தோராயமாகச் சொன்னால் மேலே 58 அடித் தண்ணீர்தான் மிச்சம். மட்டம் 142 அடிக்கு இறங்கிவிட்டது. ஓட்டுவதை நிறுத்தி, எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறுகிறது என்று குறித்தால் அந்தப் போரின் ஊற்றுக்கே ஒரு ஜாதகம் எழுதிவிடலாம்.

நிலத்துக்காரர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப போன வருஷம் மாசி மாசம் முப்பதுலதான் ஆரம்பிச்சுது” என்றார். பார்ப்பதே இல்லை என்றவர்தான்.

மச்சானின் திறந்த கிணற்றில் இதையே சின்ன அளவில் செய்து பார்க்க எனக்கு ஆசை. மெல்லிய நைலான் டியூப்பில் கல்லைக் கட்டி அடிவரை இறக்கினோம். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் தண்ணீரில் குமிழி வரும். வந்தபின் அழுத்தம் எவ்வளவு அடித்தாலும் ஏறாது. அந்த இடமே விடை. ஆனால் கையில் இருந்தது 150 பவுண்டு கேஜ். முள் தூங்கியது. சுவரிலிருக்கும் தண்ணீர் டியூப்பை மாட்டினால் அதிலிருந்த நீலத் தண்ணீர் கூரைக்குப் பீய்ச்சிக்கொண்டு போயிருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் அந்தப் பலகை தாங்காது. ஒன்று எட்டவில்லை, மற்றது கொள்ளவில்லை. “இந்த நடுவுல இருக்குற கேஜுதான் வேணும்னு சொல்றேன்” என்றார் மச்சான். திறந்த கிணற்றின் ஆழத்தைப் பார்க்கக் கயிற்றில் கல் கட்டி விட்டாலே போதும் என்பதை அவர் அம்மா வாசலில் இருந்தபடியே சொன்னார். அதுவும் சரிதான். ஆனால் மோட்டாரும் குழாயும் ஒயரும் இறங்கிய ஆறரை அங்குலப் போரில் கயிறு விட்டால் திரும்பி வராது.

இரவு தெருக்கூத்துக்காரர் ஒருவர் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் பங்குனி சித்திரையில் பாரதக் கூத்து நடக்காத ஊர் குறைவு. விடிய விடிய வாசிக்கும் பெட்டிக்கு விடுமுறை நாளில்தான் வைத்தியம். துருத்தி சீக்கிரம் இறங்கிவிடுகிறது என்றார். ஆர்மோனியத்தின் உள்ளே காற்றழுத்தம் டியூப்பில் சில சென்டிமீட்டர்தான். நாக்குகள் பாடுவதற்கு அதுவே போதும். டியூப்பை ஒரு காற்றுத் துளையில் பொருத்தி, மற்றதை அடைத்துவிட்டுத் துருத்தியை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் நீலத் தண்ணீர் எவ்வளவு துள்ளுகிறது என்று தெரிகிறது. உள்துருத்தியின் ஸ்பிரிங் நன்றாக இருந்தால் துள்ளல் குறைவு. இந்தப் பெட்டியில் தண்ணீர் கூத்தாடியது. ஒட்டுத்தோல் மூலையில் விட்டிருந்தது. நாக்குகளுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் இந்த அழுத்தத்தைக் கவனிப்பது நல்லது: காற்று பலமானால் நாக்கின் சுருதி ஒரு இழை இறங்கும். மேஜைமேல் வாயால் ஊதிச் சேர்த்த சுருதி பெட்டிக்குள் போனதும் மாறிவிட்டது என்று சொல்வதற்கு இதுவும் காரணம். 1940 முதல் 1971 வரை ஆல் இண்டியா ரேடியோ இந்த வாத்தியத்தைத் தள்ளிவைத்திருந்தது. கூத்து மேடை தள்ளிவைக்கவே இல்லை.

காலையில் கேஜைத் தேடி மயிலம் ஸ்டேஷனில் விழுப்புரம் போகும் பாசஞ்சரைப் பிடித்தோம். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம்; ஜன்னலில் நெல், கரும்பு, நடுவே ஒரு சர்க்கரை ஆலைப் புகைபோக்கி. மீட்டர் கேஜ் காலத்தில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்சார ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான், 1960களிலிருந்து. அந்த வண்டிகளின் பிரேக்கே பத்துப் பவுண்டுக் கணக்கில்தான் வேலை செய்தது. காற்றை உறிஞ்சிக் குழாயை வெற்றிடமாக்கி வைத்திருப்பார்கள். கார்டு பெட்டியில் இருந்த கேஜ் பாதரச சென்டிமீட்டரில் சுமார் ஐம்பதைக் காட்டும். வெளிக்காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். எவ்வளவு முயன்றாலும் வெளிக்காற்றின் ஒரு வளிமண்டலத்துக்குமேல் பலம் கிடைக்காது என்பதுதான் அதன் எல்லை. இப்போதைய வண்டிகளில் குழாய்க்குள் ஐந்து கிலோ காற்று.

விழுப்புரத்தில் இறங்கியதும் முதலில் போனது அய்யூர் அகரத்துக்கு. மச்சானின் நண்பர் ஒருவர் அங்கே சிலைப் பட்டறை வைத்திருக்கிறார். காகிதக் கூழும் மரவள்ளிக் கிழங்கு மாவும் சேர்த்து விநாயகர் செய்யும் ஊர் அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்குத் தடை சொன்ன பிறகு இந்தக் கைவேலைக்குக் கூடுதல் மதிப்பு. நாங்கள் போனபோது ஒரு பெரிய விநாயகருக்கு ஸ்பிரே கன்னால் ரோஜா நிறம் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியதில் பாதி அடித்துக்கொண்டிருந்த பையனின் புருவத்தில்.

பெயிண்ட் விலை பற்றி நண்பர் குறைபட்டார். கம்ப்ரசரில் அறுபது பவுண்டு வைத்திருந்தார். காற்று பலமாக வந்தால் சாயம் தூளாகி, சிலையில் மோதித் திரும்பிப் பனியாகப் பறக்கும். மேல்நாட்டில் இதைத் தடுக்கக் குறைந்த அழுத்தக் கன்கள் வந்து வெகுகாலமாகிறது. கலிஃபோர்னியாவின் காற்று மாசு விதிப்படி அந்த வகைக் கன்னின் மூக்கில் அழுத்தம் பத்துப் பவுண்டைத் தாண்டக்கூடாது. அந்த வகைக் கன்னுக்கு நிறையக் காற்று வேண்டும், ஆனால் மெதுவான காற்று. அது வாங்காவிட்டாலும் ஒன்று செய்யலாம் என்றார் மச்சான்: கம்ப்ரசரிலுள்ள கேஜைப் பார்க்காதே, கன்னின் பிடிக்குக் கீழே ஒரு சின்ன கேஜ் மாட்டு, விசையை அமுக்கிப் பிடித்தபடி அதைப் பார். நீளமான ஹோஸில் வரும்போதே அழுத்தம் இறங்கிவிடுகிறது. கன்னில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் சாயம் சரியாகப் படியும் இடம் வரை ஒவ்வொரு பவுண்டாகக் குறைக்கலாம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. சீசனில் நாளைக்கு இத்தனை சிலை என்ற கணக்கு அவருக்கு. வேகம் குறைந்தால் சாயம் மிச்சமாவது கூலியில் போய்விடும் என்றார். அவர் கணக்கும் தப்பில்லை. பையனின் நெஞ்சுக்குள் போகும் சாயத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

விழுப்புரம் கடைவீதியில் திண்டிவனத்துக் கதையே. கேப்சூல் கேஜ் என்று ஒன்று உண்டு: நெளிவு நெளிவான இரண்டு மெல்லிய தகடுகளை விளிம்பில் ஒட்டிய டப்பி, காற்று நுழைந்தால் உப்பும். சில மில்லிபாரைக்கூடக் காட்டும். சென்னை பாரிமுனையில் சொல்லிவைத்தால் வரும், விலை இந்தப் பட்டறைக்குக் கட்டாது. ஒரு டீக்கடையில் நின்று யோசித்தபோது எதிர்ப்புறம் ஆஸ்பத்திரி சாமான்கள் விற்கும் கடை. மச்சான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினார்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. பாதரசத் தண்டு உள்ளது இப்போது மறைந்துவருகிறது. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியா 2018இல் சேர்ந்தது. கடையில் இருந்தது முள் கேஜ் வைத்தது. அதன் உள்ளே இருப்பது அதே நெளிவுத் தகட்டு டப்பிதான்! அளவு 0 முதல் 300 மி.மீ. பாதரசம் வரை. பவுண்டில் 5.8. கோடுகள் இரண்டு மி.மீ. இடைவெளியில், அதாவது ஏறக்குறைய ஒரு பவுண்டில் 26 பங்கு. கூடவே ரப்பர் பல்ப், காற்றைப் பூட்டி நிறுத்தவும் கொஞ்சம் கொஞ்சமாக விடவும் திருகு. சில நூறு ரூபாய். கைப்பட்டியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டால் எங்களுக்கு வேண்டிய கேஜ், பம்ப், வால்வு மூன்றும் ஒரே பெட்டியில்.

மனித உடம்பே பத்துப் பவுண்டுக்குக் கீழ்தான் ஓடுகிறது என்பது அந்தக் கடையில்தான் உறைத்தது. 120 என்று டாக்டர் எழுதுவது 2.3 பவுண்டு, தண்ணீர்க் கணக்கில் 163 செ.மீ., சராசரி ஆள் உயரம். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் குதிரையின் ரத்தக்குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடிக்குமேல் ஏறியதை அளந்து 1733இல் எழுதினார். அவருடைய கேஜும் சுவரில் மாட்டிய டியூப்தான்.

ஊருக்கு வந்து முதல் வேலை, வாங்கியது உண்மை பேசுகிறதா என்று பார்ப்பது. மாடிப்படியை ஒட்டித் தண்ணீர் டியூப்பை நீளமாகக் கட்டி, ஒரு டீ இணைப்பில் பி.பி. கேஜையும் சேர்த்துப் பல்பை அமுக்கினோம். தண்ணீர் வித்தியாசம் 136 செ.மீ. வரும்போது முள் 100இல் இருக்கவேண்டும். 272 வரும்போது 200இல். முதலில் ஒரு கோடு குறைவாக, பிறகு சரியாக. புது கேஜ் வாங்கும் எவரும் இதைச் செய்யலாம், டியூப்பும் டேப்பும் படிக்கட்டும் இருந்தால்.

அடுத்து டிவிஎஸ் 50. 1980இல் வந்த வண்டி, இந்த வட்டாரத்தில் வைக்கோலும் வேர்க்கடலை மூட்டையும் இன்னும் அதில்தான் போகின்றன. மச்சானிடம் வந்திருந்தது தானாகவே ரேஸ் ஆகிறது, சூடாகிறது என்று. டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் பெட்டியும் ஒரு பம்ப்தான்; அங்கே எங்காவது கசிந்தால் வெளிக்காற்று நுழைந்து பெட்ரோல் கலவையை மெலியவைக்கும். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பரால் அடைத்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக 250 வரை, அதாவது ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே, பல்பால் ஏற்றினார். சில நிமிடம் அசையாமல் நிற்கவேண்டிய முள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கியது. சோப்புத் தண்ணீரைத் தடவினோம். எல்லோரும் பழிபோடும் ஆயில் சீலில் ஒரு குமிழிகூட இல்லை. சிலிண்டர் அடிப் பேக்கிங்கிலிருந்து நுரை வந்தது. சீலை மாற்றச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் வண்டி மறுநாளே திரும்பி வந்திருக்கும்.

நான் அவசரப்பட்டு, கம்ப்ரசரையே மாட்டி ஏற்றினால் கை வலிக்காதே என்று கேட்டேன். மச்சான் முறைத்தார். வளைகுடாவில் ஒரு பட்டறையில் டீசல் டாங்க் கசிவு பார்க்க யாரோ கேஜ் இல்லாமல் கம்ப்ரசர் ஹோஸைச் செருகியதை அவர் பார்த்திருக்கிறார். டாங்கின் தட்டைச் சுவர் உப்பி, மூலைத் தையல் கிழிந்தது. தகரத்தின் பரப்பு பெரிதாக இருந்தால் சின்ன அழுத்தமும் சின்னதல்ல. 200 லிட்டர் டிரம் மூடியின் குறுக்களவு 57 செ.மீ. போல இருக்கும், உள்ளே இரண்டே பவுண்டு காற்று இருந்தால் மூடியைத் தள்ளும் விசை 350 கிலோவைத் தாண்டுகிறது. டாங்கைச் சோதிக்க ஒரு பவுண்டு போதும், அதாவது பி.பி. கேஜில் ஐம்பது. அதையும் மூடித் திருகை இறுக்கிவிட்டு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்கவேண்டும். எரிவாயு இருக்கும் குழாயில் இந்தப் பரீட்சையெல்லாம் கூடாது. வெறும் காற்று மட்டும்.

பி.பி. கேஜ் பெட்டிமேல் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவைத்தார்: 52 ஒரு பவுண்டு. 22 முப்பது சென்டிமீட்டர் தண்ணி. கீழே பெரிய எழுத்தில், கம்ப்ரசரில் மாட்டாதே. அதற்கும் கீழே அவர் பெண், கல்லூரி முதல் வருஷம் படிப்பவள், சாக்பீஸால் சேர்த்திருந்தாள்: பாட்டிக்கு வாரம் ஒருமுறை பி.பி. பார்க்க இது வேண்டும், கைப்பட்டியைத் தொலைக்காதே அப்பா.